வழித்துணையாகும் கைப்பம்பு

நெடுந்தொலைவு நடந்து செல்வோர் கட்டுச்சோறு கொண்டு செல்வது நம் நாட்டுப் பழைய வழக்கம். வழியில் சத்திரம் இருக்கலாம்; அன்னம் இடுவோரும் இருக்கலாம். ஆயினும், பசி தோன்றும் இடத்தில்தான் சத்திரம் இருக்கும் என்பதற்கு உறுதி ஏது? ஆதலால், புறப்படும்போதே புளிச்சோற்றை மூட்டையாகக் கட்டித் தோளில் இட்டுக்கொண்டனர். மிதிவண்டியில் வழிச்செல்வோர்க்கும் அத்தகைய கட்டுச்சோறு ஒன்று வேண்டும். அதுவே கைப்பம்பு. மிதிவண்டிக்கு உணவு காற்று. காற்றோ எங்கும் நிறைந்துள்ளது. விலை கொடுத்து வாங்க வேண்டுவதில்லை. சுமந்து செல்ல வேண்டுவதுமில்லை. எனினும், அதனை டயருக்குள் புகுத்தும் கருவி கையில் இல்லாதவன், கடல் நடுவே நின்று குடிநீருக்கு ஏங்குபவனை ஒப்பான்.

ஊருக்குள் இக்குறை தெரிவதில்லை. தெருமுனையில் சைக்கிள் கடை உண்டு. கடை வாயிலில், காலால் மிதித்து நிறுத்தி இரு கைகளாலும் அடிக்கும் நெட்டைப் பம்பு ஒன்று சாத்தி வைக்கப்பட்டிருக்கும். பதினைந்து இருபது முறை அடித்தால் டயர் கல்போல் ஆகிவிடும். ஊரெல்லையைத் தாண்டி ஆறேழு கிலோமீட்டர் சென்றபின் நிலைமை வேறு. ஒருபுறம் வயலும் வரப்பும், மறுபுறம் கருவேலங்காடு. கருவேல முள் டயருக்குப் பெரும்பகை. அம்முள் தைக்கும் இடத்தில் சைக்கிள் கடை இருப்பதில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடைபெற்ற 1990-களின் தொடக்கத்தில், எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டுதலையும் பல்லாயிரம் பெண்கள் கற்றனர். சந்தைக்கும் வயலுக்கும் வேலையிடத்திற்கும், பிறர் துணையை எதிர்பாராது, அவர்கள் சென்று வரலாயினர். பள்ளி மாணவியர்க்கு இலவசமாக மிதிவண்டி வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2001-2002 ஆம் கல்வியாண்டில் தொடங்கியது. பின்னர் அது மாணவர்க்கும் விரிந்தது. வண்டி வீட்டிற்கு வந்தவுடன் தொலைவு சுருங்கிவிடுகிறது. ஆனால் அந்தச் சுருக்கம் முழுவதும் ஒரு ரப்பர்க் குழாய்க்குள் அடைபட்டிருக்கும் காற்றையே சார்ந்துள்ளது.

மாலை வகுப்பு முடிந்து தன் சிற்றூருக்குத் திரும்பும் மாணவி ஒருத்தியைக் கருதுக. பின்சக்கரம் மெல்ல மெல்ல இளைக்கிறது. தைத்த முள் சிறியது. காற்று இறங்குவதும் சிறிது சிறிதாகவே. கையில் பம்பு இருப்பின், வழியில் இருமுறை நின்று அடித்து, விளக்கு வைக்கும் வேளைக்குள் வீடு சேர்வாள். இல்லையேல், எஞ்சிய தொலைவு முழுவதும் வண்டியைத் தள்ளிக்கொண்டு இருளில் நடத்தல் வேண்டும். காற்றில்லாத டயரின்மேல் ஏறி அமர்ந்து மிதித்தாலோ, ட்யூப் மடிந்து கிழியும், ரிம்மும் நெளியும். கவலையோடு வாயிலில் நின்றிருந்த தாய், “நாளை முதல் நீ வண்டியில் போக வேண்டாம், அம்மா” என்று கூறிவிடவும் கூடும். ஒரு சாண் நீளமுள்ள குழலுக்கு இத்துணைப் பெரிய பொறுப்பு உண்டு.

பம்பு என்னும் சொல் ஆங்கிலத்திலிருந்து வந்தது. ஆயினும், ‘பம்புதல்’ என்றொரு வினை தமிழிலும் பழமையாகவே வழங்குகிறது. செறிதல், நிறைதல் என்பன அதன் பொருள்கள். இவ்விரு சொற்களுக்கும் உறவு யாதுமில்லை. ஒலி ஒத்திருப்பதன்றி வேறில்லை. காற்றைச் செறிவித்து நிறைக்கும் கருவிக்கு இப்பெயர் வாய்த்தது தமிழ் கற்றோர்க்கு ஒரு சிறு உவகை. வேறு தூய பெயர் படைத்துக்கொண்டு சைக்கிள் கடைக்குச் சென்று கேட்பின், கடைக்காரர் விழிப்பார். ஆதலின், ஈண்டும் அது பம்பு என்றே வழங்கப்படும்.

மிதிவண்டி தோன்றிய காலத்தில் பம்புக்கு வேலை இருந்ததில்லை. சக்கரங்களில் முதலில் இரும்புப் பட்டையும் பின்னர்க் கெட்டி ரப்பரும் பூட்டப்பட்டிருந்தன. கல் பாவிய தெருவில் அவ்வண்டிகளில் சென்றோரின் உடல் குலுங்கிய குலுக்கலைக் கண்டு, ஒருவகை வண்டிக்கு ‘எலும்பு குலுக்கி’ என்றே ஆங்கிலேயர் பெயரிட்டனர். காற்றடைத்த சக்கரம் செய்யலாம் என்று கண்டு, இராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்து நாட்டவர் 1845 ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். அது குதிரை வண்டிகளில் சோதிக்கப்பட்டு, விரைவில் மறக்கப்பட்டது. 1887 இல், அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராய் இருந்த ஜான் பாய்டு டன்லப், தம் சிறுமகனின் மூன்று சக்கர வண்டி அதிராமல் ஓட வேண்டும் என்று எண்ணினார். ரப்பர்த் தகட்டால் குழாய் செய்து, சக்கரத்தின்மேல் பொருத்திக் காற்றை நிரப்பினார். அதற்கு அவர் கையாண்டது, கால்பந்துக்குக் காற்றடிக்கும் பம்பு. அடுத்த ஆண்டே அவர் காப்புரிமை பெற்றார். தாம்சனுடைய பழைய காப்புரிமை வெளிப்பட்டபின் அது செல்லாதாயிற்று என்பது வேறு கதை.

காற்று டயர் வந்தது. அதனோடு பஞ்சரும் வந்தது. தொடக்கத்தில் டயர் சக்கரத்தோடு ஒட்டப்பட்டிருந்தமையால், அதைப் பிரித்துச் செப்பனிடுதல் வழியில் ஆகாத செயலாய் இருந்தது. 1891 இல் பிரான்சு நாட்டின் மிஷலின் உடன்பிறந்தார், கழற்றி மாட்டத்தக்க டயரைச் செய்தனர். அவ்வாண்டே பாரிசு நகரினின்று பிரெஸ்ட் வரை சென்று மீளும் ஏறத்தாழ 1200 கிலோமீட்டர்ப் பந்தயத்தில், அந்த டயர் பூட்டிய வண்டியில் சென்ற சார்லஸ் தெரோன் முதல்வராக வந்தார். வழியிலேயே கழற்றி, ஒட்டி, காற்றடித்து மேலே செல்லலாம் என்பது உறுதியாயிற்று. சைக்கிள் கடையோடு கிடந்த பம்பு, வண்டியோடு பயணம் செய்யும் பொருளாக மாறியது.

அக்காலப் பந்தய வீரர்க்குப் பம்பு எத்துணை இன்றியமையாதது என்பதை ஒரு நிகழ்ச்சியால் அறியலாம். பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் புகழ்பெற்ற மிதிவண்டிப் பந்தயத்தில், வண்டி பழுதுற்றால் ஓட்டுபவரே செப்பனிட வேண்டும்; பிறர் கைபடலாகாது என்பது விதி. எனவே வீரர்கள், உபரி டயரைத் தோளில் மாலைபோல் குறுக்கே அணிந்து, பம்பை வண்டியின் சட்டத்தில் செருகிக்கொண்டு சென்றனர். 1913 இல் எழேன் கிறிஸ்டோஃப் என்னும் வீரர், பிரனீசு மலையின் தூர்மலே கணவாயில் இறங்கும்போது, முன்சக்கரத்தைத் தாங்கும் கவை முறிந்தது. அவர் வண்டியோடு பல கிலோமீட்டர் நடந்து, மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றின் கொல்லுலையை அடைந்து, தம் கையாலேயே இரும்பைக் காய்ச்சிக் கவையைச் செப்பனிட்டார். இரண்டு கைகளும் இரும்பில் இருக்கையில் உலைக்குக் காற்று வேண்டாவா? சிறுவன் ஒருவன் துருத்தியை இயக்கி உதவினான். பிறர் உதவி பெற்றார் என்று நடுவர்கள் அதற்காக அவருக்குத் தண்டம் விதித்தனர். துருத்தியும் பம்பும் ஓரினத்தன. தம் காற்றைத் தாமே அடித்துக்கொள்ள வேண்டும் என்பது அன்றைய கடுமை. இன்று பந்தய வீரர்க்குப் பின்னே உதவி வண்டிகள் வருகின்றன. பள்ளி மாணவர் பின்னே யாரும் வருவதில்லை.

கைப்பம்பின் உறுப்புகள் சிலவே: ஒரு குழல், அதனுள் சென்று மீளும் தண்டு, தண்டின் நுனியில் ஒரு வாஷர், குழலின் மறுமுனையில், டயரின் வால்வைப் பற்றும் வாய். இவற்றுள் வியப்பிற்குரியது வாஷரே. பழைய பம்புகளில் அது தோலால் ஆனது. சிறு கிண்ணம் போல் முன்னோக்கிக் குழிந்திருக்கும். தண்டை உள்ளே தள்ளும்போது, முன்னே நெருக்குண்ட காற்று கிண்ணத்தின் விளிம்பை விரித்துக் குழலின் சுவரோடு ஒட்டவைக்கும்; ஆதலால், காற்று பின்னே தப்ப வழியின்றி டயருக்குள் புகும். தண்டை வெளியே இழுக்கும்போது, அவ்விளிம்பு சுருங்கி இடம் கொடுக்கும். பின்னிருந்த காற்று முன்னே வந்து நிரம்பும். ஒரு தோல்துண்டே கதவாகவும் காவலனாகவும் நிற்கிறது. தோல் உலர்ந்து சுருங்கிவிட்டால், தண்டு வெறிதே சென்று மீளும். டயரில் ஒன்றும் ஏறாது. “பம்பு கெட்டுவிட்டது” என்று பலர் அதைத் தூக்கி எறிவர். மூடியைத் திருகிக் கழற்றி, தோலின் விளிம்பை விரலால் விரித்து, இரண்டு துளி எண்ணெய் இட்டால் அது மீண்டும் உழைக்கும். இக்காலச் சிறு பம்புகளில் பெரும்பாலும் தோலுக்கு மாற்றாக ரப்பர் வளையம் உள்ளது. அதற்குக் கண்ட எண்ணெயை இடலாகாது. எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும். பம்பு செய்தோர் குறிக்கும் மசகே ஏற்றது.

பம்பு வாங்கச் செல்பவர் கடையிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பம்பின் வாயைக் கட்டைவிரலால் இறுக மூடித் தண்டை உள்ளே தள்ளிப் பின் கையை எடுக்க வேண்டும். நல்ல பம்பாயின், உள்ளே நெருக்குண்ட காற்று தண்டைத் திரும்பத் தள்ளிவிடும். தள்ளாது சோர்ந்து கிடக்குமாயின், அதை வாங்குதல் வேண்டா.

சிறிய பம்பே சிறந்தது என்று எண்ணுவோர் பலர். சட்டைப்பையில் அடங்குவதைக் கண்டு மகிழ்ந்து வாங்கி, வழியில் டயர் இளைத்த அன்று கைசோர்ந்து வருந்துவர். இதனை ஒரு கணக்கால் காண்போம். வெப்பநிலை மாறாதிருக்கும்போது, ஒரு வாயுவின் கனஅளவைப் பாதியாகக் குறைத்தால் அதன் அழுத்தம் இரட்டிக்கும் என்பதை இராபர்ட் பாயில் 1662 இல் வெளியிட்டார். டயருக்குள் காற்று மிகுதோறும் எதிர்த்துத் தள்ளும் அழுத்தமும் மிகும். தண்டை அழுத்துபவரின் கை தாங்க வேண்டிய விசை, அவ்வழுத்தத்தையும் குழலின் குறுக்குப் பரப்பையும் பெருக்கி வரும் தொகையாகும்.

உள்விட்டம் 2 சென்டிமீட்டர் உள்ள குழல் ஒன்றையும், 3 சென்டிமீட்டர் உள்ள குழல் ஒன்றையும் எடுத்துக்கொள்க. முன்னதன் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 3.1 சதுர சென்டிமீட்டர். பின்னதன் பரப்பு 7.1. விட்டம் ஒன்றரை மடங்கே மிகுந்தது. பரப்போ இரண்டேகால் மடங்கு ஆயிற்று. பந்தய வண்டியின் ஒடுங்கிய டயருக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோகிராம் அழுத்தம் வேண்டும் என்று கொண்டால், அடித்து முடிக்கும் தறுவாயில் மெல்லிய குழலுக்கு ஏறத்தாழ 19 கிலோகிராம் விசையும், தடித்த குழலுக்கு 42 கிலோகிராம் விசையும் வேண்டும். ஒரு கையால் பம்பைப் பிடித்து மறுகையால் 42 கிலோகிராம் விசையோடு அழுத்துதல் வளர்ந்த ஆடவர்க்கும் அரிது, மாணவர்க்கோ இயலாது. எனவே, ஒடுங்கிய டயருக்கு மெல்லிய குழலே ஏற்றது.

மலைப்பாதை வண்டியின் கொழுத்த டயருக்கு இது பொருந்தாது. ஐந்தரை சென்டிமீட்டர் அகலமுள்ள அதன் உள்ளே ஏறத்தாழ நாலே முக்கால் லிட்டர் இடம் உண்டு. வேண்டும் அழுத்தமோ சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோகிராம் அளவே. தண்டு 12 சென்டிமீட்டர் சென்று மீள்வதாயின், மெல்லிய குழல் ஒரு முறைக்கு 38 கன சென்டிமீட்டர்க் காற்றைத் தரும். தடித்தது 85 தரும். வெறுமையாய்க் கிடக்கும் டயரை நிரப்ப மெல்லிய குழலால் 250 முறையும், தடித்ததால் 110 முறையும் அடித்தல் வேண்டும். தடித்த குழலுக்கும் 14 கிலோகிராம் விசை போதும். இங்கே தடித்ததே ஏற்றதாகிறது.

நாட்டுப்புறங்களில் மிகுதியாக ஓடும் சாதாரண வண்டியின் டயர், 28 அங்குல விட்டமும் ஒன்றரை அங்குல அகலமும் உடையது. அதன் உள்ளிடம் ஏறத்தாழ 2.4 லிட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோகிராம் அழுத்தம் கொள்ளச் செய்ய, மெல்லிய குழலால் 190 முறை அடிக்க வேண்டும். தடித்ததால் 85 முறை போதுமாயினும், இறுதியில் 21 கிலோகிராம் விசை வேண்டியிருக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட இரண்டரை சென்டிமீட்டர்க் குழலாயின், 120 முறை. விசை 15 கிலோகிராம் அளவே. இவ்வெண்கள் கணக்கில் வருவன. நடைமுறையில், இணைப்புகளில் தங்கும் காற்றினாலும் கசிவினாலும் சில முறைகள் கூடும்.

இங்கே மறவாது கருத வேண்டியது ஒன்று உண்டு. குழலின் அகலம் கூடினால் அடிக்கும் முறை குறையும். ஆனால் விசை கூடும். குழலின் நீளம் கூடினாலோ முறை மட்டும் குறையும், விசை கூடாது. ஆகவே, நீளத்தில் சிக்கனம் பார்ப்பது கைக்குத் தீங்கு. வண்டியில் இடமிருப்பின் ஒரு சாணுக்குக் குறைந்த பம்பை நாட வேண்டா. பெட்டியின்மேல் ‘120 பவுண்டு வரை’ என்றெல்லாம் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பர். பம்பு அவ்வழுத்தத்தைத் தாங்கும் என்பதே அதன் பொருள். அடிப்பவர் கை தாங்கும் என்பதன்று. தமக்கு வேண்டிய அழுத்தம் எவ்வளவு என்பதைத் தம் டயரின் பக்கத்தில் பொறித்துள்ள எண்ணைக் கண்டு அறிதல் வேண்டும். சதுர அங்குலத்திற்கு 14 பவுண்டு என்பது, சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோகிராம் என்பதற்கு ஏறத்தாழச் சமம்.

அகலமும் நீளமும் பொருந்தியும், வாய் பொருந்தாவிடில் பம்பு வெறுங்குழலே. மிதிவண்டி வால்வுகள் மூவகைப்படும். சாதாரண வண்டிகளில் காண்பது டன்லப் வால்வு. பக்கத்தில் சிறு துளையுள்ள ஒரு மெல்லிய தண்டின்மேல் வால்வு ட்யூப் என்னும் ரப்பர்க் குழாய்த்துண்டு இறுகப் போர்த்திருக்கும். அடிக்கும் காற்று அந்த ரப்பரை விலக்கி உள்ளே போகும்; போனபின் ரப்பர் துளையை மூடிக்கொள்ளும். மிக எளிய அமைப்பு. ஆனால் அந்த ரப்பர் வெயிலிலும் நாட்படவும் வெடிக்கும். பஞ்சர் என்று கருதி ட்யூப் முழுவதையும் தண்ணீரில் அமிழ்த்தித் தேடுவோர், இறுதியில் குற்றவாளி வால்வு ட்யூப்பே என்று காண்பதுண்டு. விரல் நீளமுள்ள ஒரு துண்டைப் பம்போடு வைத்திருப்பது நன்று. இரண்டாம் வகை, மோட்டார் வண்டிகளில் உள்ளது போன்ற சிரேடர் வால்வு; நடுவில் ஓர் ஊசி இருக்கும்; அதை அழுத்தினால் வழி திறக்கும். மூன்றாவது, பந்தய வண்டிகளுக்குரிய மெல்லிய பிரெஸ்டா வால்வு. அதன் தலையிலுள்ள சிறு திருகைத் தளர்த்தி, ஒரு முறை தட்டிவிட்ட பின்னரே காற்றடிக்க வேண்டும். பிரெஸ்டாவுக்கு அமைந்த வாய் டன்லப் வால்வுக்கும் பெரும்பாலும் பொருந்தும். சிரேடருக்கு மட்டும் அமைந்தது பொருந்தாது. இக்காலப் பம்புகள் பலவற்றில், உள்ளிருக்கும் ரப்பரைத் திருப்பிப் போட்டு இரு வகைக்கும் பயன்படுத்த வழி உண்டு.

கொல்லிமலைச் சாலையில் எழுபது கொண்டையூசி வளைவுகள் உள்ளன. நண்பர் ஐவர் சேர்ந்து அங்கே செல்வாராயின், “ஐவர்க்கும் ஒரு பம்பு போதும்” என்பர். போதும், ஆனால் ஐந்து வண்டிகளின் வால்வுக்கும் அது பொருந்துமா என்பதை அடிவாரத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். நாற்பதாம் வளைவில் பார்ப்பதில் பயனில்லை.

சில பம்புகளின் வாய் குழலோடு நேரே இணைந்திருக்கும். அவற்றால் அடிக்கும்போது, ஒவ்வொரு தள்ளலும் வால்வின் கழுத்தை அசைக்கும். நூறு முறை அசைந்தால், வால்வு ட்யூப்போடு சேருமிடம் கிழியும். அக்கிழிசலை ஒட்டுதல் அரிது. சிறு பஞ்சரைத் தீர்க்கப் புகுந்து பெரும் பஞ்சரை உண்டாக்கிக்கொள்வதாக அது முடியும். குழலுக்கும் வாய்க்கும் இடையே வளையும் ரப்பர்க் குழாய் உள்ள பம்பே மாணவர்க்கு ஏற்றது. சற்று விலை மிகினும் அதையே தேர்தல் வேண்டும். அக்குழாய் இல்லாத பம்புதான் உள்ளது எனின், வாயைப் பற்றிய கையின் கட்டைவிரலை டயரின்மேல் ஊன்றி, மற்ற விரல்களால் பம்பின் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு அடிக்கலாம்.

இனி, பம்பை எங்கே வைத்துக்கொள்வது? பழைய வண்டிகளின் சட்டத்தில், இதற்கென்றே இரு சிறு முளைகள் இருந்தன. முழங்கை நீளப் பம்பு அவற்றிடையே நிற்கும். பார்ப்பதற்கு அழகு, எடுப்பதற்கு எளிது. எடுப்பதற்கு எளிது என்பதைப் பிறரும் அறிவர். சைக்கிள் ஸ்டாண்டில் வண்டியை விட்டு மீண்டவர், வண்டியைக் கண்டு பம்பைக் காணாது நிற்பது அந்நாளில் பழகிய காட்சி. அதனால், கடைவீதிக்குப் போவோர் பம்பைக் கழற்றிக் கையோடு கொண்டு செல்வதும் உண்டு.

இக்காலச் சிறு பம்புகளோடு ஒரு தாங்கி தருகின்றனர். தண்ணீர்ப் புட்டி வைக்கும் கூட்டின் திருகுகளிலேயே அதைப் பொருத்தலாம். குண்டும் குழியுமான சாலையில் தாங்கியின் பிடி தளர்ந்து, பம்பு ஓசையின்றி விழுந்துவிடும். தேவைப்படும் நாளில்தான் இழப்பு தெரியும். ஆகையால், தாங்கியோடு ஒரு ரப்பர்ப் பட்டையாலும் கட்டுதல் வேண்டும். முன்சக்கரம் வாரி இறைக்கும் சேறு, சட்டத்தின் சாய்குழாயில் நேரே படியும். அங்கே பம்பை வைத்தால், மழைக்காலத்தில் அதன் வாய்க்குள் மணல் புகும். மணல் புகுந்த பம்பு வாஷரை அராவித் தின்றுவிடும். காற்றோடு சென்று வால்விலும் சிக்கும். வாய்க்கு மூடி இருக்க வேண்டும். இல்லாவிடில், ஒரு துணித்துண்டைச் சுற்றியேனும் வைக்க வேண்டும்.

இருக்கையின் கீழே தொங்கும் சிறு பையில் வைப்பது மழைக்கும் சேற்றுக்கும் காப்பு. பின் காரியரில் கயிற்றால் கட்டுவோரும் உளர்; அது வழிநெடுகத் தாளம் போடும். முதுகுப்புறச் சட்டைப்பையில் செருகிக்கொள்ளும் வழக்கம் மட்டும் வேண்டவே வேண்டா. வண்டியிலிருந்து மல்லாந்து விழ நேரின், அவ்வுலோகக் குழல் முதுகெலும்பில் ஊன்றும். பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகப்பையே தக்க இடம். உலர்ந்திருக்கும், திருட்டுக்கும் அச்சமில்லை. ஒரு குறை உண்டு: விடுமுறை நாளில் பை வீட்டில் இருக்கும், வண்டி மட்டும் ஊர் சுற்றும்.

பம்பு ஒன்றே போதாது என்பதையும் அறிதல் வேண்டும். காற்று மெல்ல இறங்கும் பஞ்சருக்கு அது வீடு சேர்க்கும் துணை. ஒரேயடியாக இறங்கும் பஞ்சருக்கு ஒட்டுத்துண்டும், சொலூஷனும், உப்புத்தாளும், டயர் கழற்றும் நெம்புகோல் இரண்டும் உடன் வேண்டும். இவை யாவும் ஒரு சிறு தகரப்பெட்டியில் அடங்கும்.

கையால் அடிக்கும் உழைப்பைத் தவிர்க்க வேறு வழிகளும் இன்று வந்துள்ளன. கரியமில வாயுவை அடைத்த விரலளவுக் குப்பி ஒன்று உண்டு; 16 கிராம் வாயு கொண்ட குப்பி, ஒடுங்கிய டயரை இமைப்பொழுதில் நிரப்பிவிடும். ஒரு முறைக்கே அது பயன்படும். இரண்டாம் முள்ளுக்கு விடை கூறாது. கரியமில வாயு ரப்பரின் வழியே சாதாரணக் காற்றைவிட விரைந்து கசிதலின், வீடு வந்தபின் மீண்டும் காற்றடிக்கவும் வேண்டும். மின்கலத்தால் இயங்கும் சிறு பம்பும் விற்கப்படுகிறது. முதல்நாள் இரவு மின்னேற்ற மறந்தவர்க்கு அது சுமையே. பந்தயம் ஓடுவோர் இவற்றை நாடுக. கைப்பம்புக்கு வேண்டுவன கையும் காற்றும் மட்டுமே.

புதிதாக வாங்கிய பம்பை அன்றே வண்டியில் கட்டிவிடுதல் பலர் செய்யும் பிழை. முதலில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, பின்சக்கரத்தின் காற்றை முழுவதும் இறக்கிவிட வேண்டும். பிறகு அப்பம்பைக் கொண்டே நிரப்ப வேண்டும். வாய் பொருந்துகிறதா, கை தாங்குகிறதா என்பன அப்போதே விளங்கும். அடிக்க அடிக்கக் குழலின் அடிப்பகுதி சூடேறுவதையும் உணரலாம். கையின் உழைப்பு காற்றை நெருக்கி வெப்பமாக மாறுவதே அதற்குக் காரணம். டயர் போதிய அளவு இறுகும் வரை எத்தனை முறை அடித்தது என்று எண்ணி, அவ்வெண்ணைத் தகரப்பெட்டி மூடியின் உட்புறத்தில் எழுதி வைத்துக்கொள்வது நன்று. கைப்பம்புகள் பலவற்றில் அழுத்தம் காட்டும் முள் இருப்பதில்லை. வழியில், இருட்டிய வேளையில், டயரை அழுத்திப் பார்த்து ஐயுறுவதற்கு மாறாக, எழுதிய எண் வரும் வரை அடித்துவிட்டு வண்டியில் ஏறிச் செல்லலாம்.